பெரியப்பா தலை முழுகிய பொங்கல்

எத்தனை மிருகங்களைக் கொல்லலாம் என்று சொல்வதுதான் நியூ ஜெர்சி மாநில அரசாங்கத்தில் என் அப்பாவின் உத்தியோகம். கேக்கைக் கொடுத்தால்கூட முட்டை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து ஒதுக்கிவைக்கிற திருநெல்வேலி சைவப் பிள்ளைவாள் அவர். இப்படிப்பட்ட ஆளைத் தேடிப் பிடித்து இந்த வேலைக்கு வைத்த புண்ணியவான் யாரோ, அவருக்குக் குசும்பு கொஞ்சம் ஜாஸ்தி என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போகிற வேலை இல்லை. கஸ்தூரி எலி, ரக்கூன், நரி, ஓடையில் அணை கட்டுகிற பீவர், நீர்நாய் என்று அடர்த்தியான ரோமம் உள்ள பிராணிகளைப் பொறி வைத்துப் பிடித்துத் தோலை விற்கிறவர்கள் எண்பதுகளில் அந்த மாநிலத்தில் நிறைய இருந்தார்கள். எந்த மாதத்தில் பொறி வைக்கலாம், எந்த ஓடையில் எத்தனை பேருக்கு அனுமதி கொடுக்கலாம், எந்த மாதிரிப் பொறி கூடாது என்று வருஷா வருஷம் விதி போடுவார்கள். அந்த விதிக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறவர் அப்பா. பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்து, இங்கே வந்து மேலே படித்து டாக்டர் பட்டம் வாங்கி, கடைசியில் டிரென்டன் ஆபீஸ் ஒன்றில் உட்கார்ந்து பீவருக்குத் தலையெழுத்து எழுதினார். குட்டி போடும் மாதங்களில் வேட்டையை மூடிவிடுவார்கள். அதை நான் மிருகங்களுக்கு விடுகிற பள்ளிக்கூட லீவு என்றும், அப்பாதான் அதற்கு ஹெட்மாஸ்டர் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்க்கூட்டம் போட்டு ஜனங்களிடம் அபிப்பிராயம் கேட்பார்கள். பொறிக்காரர்கள் ஒரு பக்கம், மிருகங்களுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் இன்னொரு பக்கம். ஒரு கட்சி அப்பாவைக் கஞ்சன் என்று திட்டும். மற்றொரு கட்சி கொலைகாரன் என்று திட்டும். அப்பா இரண்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.

இந்த வேலை கிடைத்ததும் ஊருக்கு டிரங்க் கால் போட்டுப் பெரியப்பாவிடம் சொன்னாராம். லைனில் ஒரே இரைச்சல். "கேம் டிபார்ட்மென்ட்" என்று இவர் கத்த, "வெளையாட்டு இலாகாவா?" என்று அவர் கத்த, கால் முடியப்போகிற அவசரத்தில் அப்பா "ஆமா அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு வேட்டைப் பிராணி என்று இன்னொரு அர்த்தம் உண்டு என்பது பெரியப்பாவுக்கு எப்படித் தெரியும்? தம்பி அமெரிக்காக்காரனுக்கே விளையாட்டு சொல்லிக்கொடுக்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. தூக்கிப் போட்ட சாவிக்கொத்தைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவர் என் அப்பா.

பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. தாத்தா சின்ன வயதிலேயே போய்விட, தான் படிப்பை விட்டுக் குமாஸ்தா வேலைக்குப் போய்த் தம்பியைப் படிக்கவைத்தவர் பெரியப்பா. தேவாரம் படிக்காமல் காபி குடிக்கமாட்டார். நடக்கிற வழியில் எறும்புச் சாரி தெரிந்தால் சுற்றிக்கொண்டு போவார். அவரிடம் போய் என்னவென்று சொல்வது? "அண்ணாச்சி மொகம் சுண்டிப்போச்சுன்னா என்னால தாங்க முடியாதுளா" என்று அப்பா அம்மாவிடம் சொல்வதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். யார் திட்டினாலும் பொறுத்துக்கொள்கிற மனிதர், அந்த ஒரு முகத்துக்கு மட்டும் அப்படிப் பயந்தார்.

அந்தப் பெரியப்பா ரிட்டையர் ஆகி, எங்களைப் பார்க்க பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்துசேர்ந்தார். வந்தது ஜனவரியில். தம்பி வீட்டில் பொங்கல் கொண்டாட வேண்டும் என்று ஆசை. குளிர் என்று சொன்னதற்கு, குற்றாலத்தில் பார்க்காத குளிரா என்றாராம். நியூவார்க் ஏர்போர்ட் கதவு திறந்ததும் "யாத்தாடி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதன் பிறகு மங்கி குல்லாவைக் கழற்றவே இல்லை.

அவர் வருவதற்கு முன் அம்மா வீட்டைத் துடைத்துப் போட்டாள். மிருகங்களின் வயதைக் கணக்கிடுவதற்காக அப்பா ஷூ டப்பாவில் போட்டுவைத்திருந்த ரக்கூன் மண்டையோடுகளும், மாதிரிக்கு வைத்திருந்த பொறிகளும் கீழ்வீட்டு நாகர்கோவில் ஆன்ட்டி வீட்டுக்குப் போய்விட்டன. ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொண்டு டப்பாவை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். எனக்கு அம்மா ஒரே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தாள். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று பெரியப்பா கேட்டால் விளையாட்டு. யாராவது வீட்டுக்கு வந்தாலும் விளையாட்டு சம்பந்தமாக வந்தவர்கள். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. பொய் சொல்லச் சொல்லி அம்மாவே கேட்பது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்!

பெரியப்பாவோ வந்த நாளிலிருந்து துருவித் துருவிக் கேட்டார். டி.வி.யில் ஃபுட்பாலைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளுவதைக் கண்டு மிரண்டுபோய், "எலே, இதத்தான் நீ நடத்துதியா?" என்றார். "அது வேற டிபார்ட்மென்ட் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அப்பா குப்பை கொட்டப் போனார். அந்த வாரம் எங்கள் வீட்டுக் குப்பை மாதிரி ஒழுங்காக வேறெந்த வீட்டுக் குப்பையும் டம்ப்ஸ்டருக்குப் போயிருக்காது.

பொங்கல் சனிக்கிழமை வந்தது. அம்மா மின்சார அடுப்பின் சுருள் மேல் பானையை ஏற்றிவைத்து மஞ்சள் கிழங்குக்குப் பதிலாக மஞ்சள் பொடியைக் குழைத்துப் பூசியிருந்தாள். டப்பாவைத் திறந்தால் வெல்லத்தில் புழுக்க வாசனை அடித்தது. நல்ல நாளும் அதுவுமாக இதைப் போடுவதா என்று அப்பாவை இந்தியக் கடை இருக்கிற எடிசனுக்கு விரட்டினாள். அவர் கார் கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் இருக்கும், காலிங் பெல் அடித்தது. பெரியப்பாதான் கதவைத் திறந்தார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்தேன்.

தொடை வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்றுகொண்டிருந்தார். கம்பளித் தொப்பி, நரைத்த தாடி, கையில் ஒரு கோணிப்பை. எங்கள் மாடிப்படி வெட்டவெளியில் இருந்தது. பனி பொடிப்பொடியாக அவர் தோள் மேல் விழுந்துகொண்டிருந்தது. பொறிக்காரர்கள் எல்லோரும் அப்பாவை டாக்டர் என்பதைச் சுருக்கி டாக் என்பார்கள்.

"ஈஸ் த டாக் ஹோம்?" என்றார் கிழவர்.

காதில் அது நாய் என்று விழ, பெரியப்பா கம்பீரமாக, "நோ டாக் இன் திஸ் ஹவுஸ். வீ ஆர் வெஜிடேரியன்" என்றார்.

கிழவர் கதவு நம்பரை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அதற்குள் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, பூட்ஸையும் பையையும் கண்டு, கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். எனக்குப் புரிந்துவிட்டது. "அப்பாவோட கேம்ஸ்ல இருக்கறவர், பெரியப்பா" என்றேன்.

"இந்த வயசுலயா? என்ன வெளையாட்டுட்டி?"

நான் பூட்ஸைப் பார்த்தேன். "ஸ்விம்மிங்" என்றேன்.

பெரியப்பா வெளியே விழுகிற பனியைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார். அவருக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. நல்ல நாளில் வாசலில் வந்து நிற்கிறவரை இப்படி நிறுத்தலாமா என்று, "கம், கம், காபி" என்றார். கிழவர் பூட்ஸில் இருந்த சேற்றைக் காட்டி, வேண்டாம், இங்கேயே நிற்கிறேன் என்றார். சரி, ஆள்தான் வரவில்லை, பையாவது நனையாமல் இருக்கட்டுமே என்று பெரியப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. பையைக் காட்டி, "இன்சைட், ப்ளீஸ், இன்சைட்" என்றார். உள்ளே கொண்டுவந்து வையும் என்று இவர் சொல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறார் போலும் என்று அவர் நினைத்துக்கொண்டார். குனிந்து பையின் வாயைப் பிரித்துக் காட்டினார்.

உள்ளே ஒரு நீர்நாய் செத்துக் கிடந்தது. ஈர ரோமம், சின்னக் காது, பூனை மாதிரி மீசை, மீசை மேல் பனித்துளி. தூங்குகிறது என்று சொன்னால் நான் நம்பியிருப்பேன். பெரியப்பா ஒரு எட்டு பின்னால் போனார்.

"நீர்நாய்லா இது" என்றார்.

சரியாக அந்த நேரம் பார்த்து அப்பா வெல்லப் பொட்டலத்தோடு படியேறி வந்தார். மேல்படியில் கால் வைத்தவர் மூன்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டார். கிழவரை, பையை, அண்ணாச்சியை. வெல்லத்தை என் கையில் கொடுத்தார்.

கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு படபடவென்று பேச ஆரம்பித்தார். பெரியப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியும், ஆனால் அமெரிக்காக்காரன் வாயிலிருந்து வந்தால் தெரியாது. "என்ன சொல்லுதான்?" என்று என்னைக் கேட்டார். அம்மா சொல்லிக்கொடுத்த பாடத்தில் இது இல்லை. விளையாட்டு என்று சொல்லவும் இடம் இல்லை. ஆகவே இருப்பதை அப்படியே சொன்னேன். அந்தத் தாத்தா பீவர் பிடிக்கத்தான் பொறி வைத்தாராம். தண்ணீருக்குள் வைத்த பொறியில் இது வந்து மாட்டிக்கொண்டதாம். பீவருக்குத்தான் அவருக்கு அனுமதி இருக்கிறதாம், நீர்நாய்க்கு இல்லையாம். யாருக்கும் தெரியாமல் தூக்கிப் போட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லையாம். ஆபீஸ் திறக்கும் வரை வீட்டில் வைத்திருக்கவும் முடியவில்லையாம். சாரி சொல்கிறார்.

"யார்ட்ட சாரி சொல்லுதான்?"

நான் கிழவரிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டுக் கையிலிருந்த தொப்பியால் பையைக் காட்டினார்.

"இதுல உங்கப்பனுக்கு என்ன வேல?" என்றார் பெரியப்பா.

அம்மா உள்ளேயிருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எனக்கோ வாய் நிற்கவில்லை. ஊரில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இல்லாத அப்பா எனக்கு இருக்கிறார் என்ற பெருமை வேறு. "அப்பாதான் பெரியப்பா எல்லாத்துக்கும் பாஸ். அப்பா இத்தனை கொல்லலாம்னு சொன்னா அத்தனை கொல்லலாம். கூடாதுன்னா கூடாது" என்றேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அப்புறம் நடந்ததெல்லாம் பார்க்கிங் லாட்டில். அப்பா காரின் பின்கதவைத் திறந்துவைத்துப் பேப்பர் விரித்து அதன்மேல் நீர்நாயைக் கிடத்தினார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். ரோமத்தை விலக்கி வயிற்றைப் பார்த்தார். பெண் என்றும், போன வருஷம் குட்டி போட்டுப் பால் கொடுத்திருக்கிறது என்றும் கிழவரிடம் மெதுவாகச் சொன்னார். தோல் அவருக்குக் கிடையாது, அரசாங்கத்துக்குப் போகும், தானாகக் கொண்டுவந்ததை ஆபீஸில் சொல்கிறேன் என்றும் சொன்னார். கிழவர் தலையாட்டிவிட்டுத் தன் லாரியில் ஏறிப் போனார். பெரியப்பா வேட்டியும் ஸ்வெட்டருமாகப் பனியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெல்லத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"நீ இல்லேன்னா இவனுவ என்னலே செய்வானுவ?" என்றார் பெரியப்பா.

"எல்லாத்தையும் கொன்னுருவாங்க அண்ணாச்சி. முன்னால அப்படிக் கொன்னுதான் இந்தப் பக்கம் இதுக இல்லாமலே போச்சு. இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வருதுக. இத்தனைக்கு மேல கூடாதுன்னு ஒருத்தன் நிக்கணும்ல."

"அந்த இத்தனைய யாரு சொல்லுதா?"

"நான்தான்."

பெரியப்பா பேப்பர் மேல் கிடந்த நீர்நாயைப் பார்த்தார். பிறகு, "உறக்கம் வருதால ஒனக்கு?" என்று கேட்டார்.

அப்பாவுக்குக் கையெல்லாம் ஈரமும் ரத்தமுமாக இருந்ததால், சின்னப் பையன் மாதிரி முழங்கைச் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரியப்பா திரும்பிப் படியேறிப் போய்விட்டார்.

நான் மேலே போனபோது குளியலறையில் தண்ணீர் சத்தம் கேட்டது. பெரியப்பா எங்கள் ஷவரை நம்பியதே இல்லை. டப்புக்குள் ஒரு வாளியும் மக்கும் வைத்துக்கொண்டுதான் குளிப்பார். காலையில்தான் குளித்துப் பட்டை போட்டிருந்தார். இப்போது மங்கி குல்லாவைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டின வேட்டியோடு தலையில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். வெந்நீர்க் குழாயைத் திறக்கக்கூட இல்லை. அப்பா வந்ததும், "எலே, இங்க வா" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுப் போய் டப்பின் மேல் குனிந்து நின்றார். பெரியப்பா அவர் கைக்கு ஊற்றினார், பிறகு தலைக்கு ஊற்றினார். தண்ணீர் சத்தத்துக்கு நடுவே ஏதோ சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை. கண்டிக்கிறார் என்று நினைத்தோம்.

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "போச்சு. பெரியத்தான் நம்மளத் தலை முழுகிட்டாக" என்றாள். குளிக்கத்தானே செய்கிறார், அதற்கு ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். அப்போதுதான் அந்த வார்த்தையின் இன்னொரு அர்த்தத்தைச் சொன்னாள். ஒருத்தரோடு சங்காத்தமே வேண்டாம் என்று அடியோடு அறுத்துவிடுவதற்கும் தலை முழுகுவது என்றுதான் பேராம். "அவுக அந்தப் பிராணியத் தொடக்கூட இல்லையே. நம்ம தீட்டுத்தான் ஒட்டிக்கிட்டுன்னு முழுகுதாக" என்றாள். எனக்குப் பெரியப்பா மேல் பொல்லாத கோபம் வந்தது. எங்கள் அப்பா அழுக்கா?

பொங்கல் மத்தியானத்துக்கு மேல்தான் பொங்கியது. நல்ல நேரமெல்லாம் எப்போதோ போயிருந்தது. "பொங்கலோ பொங்கல்" என்று பெரியப்பாவே சொன்னார். குளிரில் பல் தந்தியடித்ததால் அது நாலைந்து பொங்கலாக வந்தது. மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டார்கள். பெரியப்பா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இந்த வீட்டில் இதுதான் கடைசிச் சாப்பாடு என்பதுபோல அம்மா பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். பெரியப்பா என்னை மடியில் வந்து உட்காரச் சொன்னார், நான் போகவில்லை.

மாதக் கடைசியில் ஊருக்குப் போனார். அதற்குப் பிறகு நெஞ்சுவலி வந்து, விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அதை நம்பவே இல்லை. அண்ணன் தம்பிக்கு நடுவில் நாம் வாயைத் திறக்கக் கூடாது என்று அப்பாவிடம் ஒரு நாளும் கேட்கவும் இல்லை.

நான் காலேஜில் படிக்கும்போது, லீவில் வீட்டில் இருந்த ஒரு காலையில், பெரியப்பா இறந்துபோனதாக ஃபோன் வந்தது. அப்பா ஃபோனை வைத்தார். நேராகக் குளியலறைக்குப் போய், போட்டிருந்த துணியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சொட்டச் சொட்ட வந்து சோபாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த சாவுக்கு இங்கே எதற்கு என்று கேட்டேன்.

"செத்தது நம்ம ரத்தம்னா சேதி கேட்ட எடத்துலயே தலை முழுகணும். தொட்டாதான்னு இல்லட்டி. பங்காளிக்குத் தொடாமலே தீட்டு உண்டு" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "அன்னைக்கு அந்த நீர்நாய்க்கு அண்ணாச்சி முழுகினாகளே, ஞாபகம் இருக்கா? என் தலையில தண்ணி ஊத்திக்கிட்டே, 'இந்தப் பாவத்துல பாதி எனக்குலே, படிக்கவச்சவன் நான்லா'ன்னாக. அதுக்கப்புறம்தான் எனக்கு ராத்திரி உறக்கமே வந்துச்சு" என்றார்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியப்பா அதைச் சொல்லி முடித்த கையோடுதான், அண்ணன் தம்பியைத் தலை முழுகுகிறார் என்று சமையலறையில் அம்மா அழுதுகொண்டும் நான் பொருமிக்கொண்டும் நின்றோம்.